தலை மாறிய வண்டிக்கு ஒரு கேஸ்கட்

1

இந்தக் கதை உருவானதற்கு நான்தான் காரணம். எழுதியவன் என்ற முறையில் சொல்லவில்லை; இன்ஜினை வேகவைத்தவன் என்ற முறையில் சொல்கிறேன்.

என் மனைவியின் தம்பி, அதாவது என் மச்சான், பந்தயத்துக்கென்றே பார்த்துப் பார்த்துச் செய்த வண்டியை, "சும்மா ஒரு சுத்து சுத்திட்டுத் தரேன்" என்று வாங்கிக்கொண்டு போனேன். வெப்பமுள் சிவப்புக் கோட்டைத் தொட்டது. பார்க்காமல் இல்லை, பார்த்தேன். 'மாலைச் சூரியனைப் போல' என்று ஓர் உவமை தோன்றியது. அது பழசாக இருக்கிறதே என்று வேறு தேடிக்கொண்டிருந்தேன். அதற்குள் முன்பக்கத்திலிருந்து வெள்ளைப் புகை.

ஹெட்டில் விரிசல். (ஹெட் என்பது இன்ஜினின் தலை. கீழே இருக்கும் உடம்புக்கு பிளாக் என்று பெயர். இரண்டுக்கும் நடுவில் நசுங்கிக் கிடக்கும் தகடுதான் கேஸ்கட். நெருப்பு, தண்ணீர், எண்ணெய் மூன்றும் ஒன்றோடொன்று சேர்ந்து சண்டை போடாமல் பார்த்துக்கொள்வது அதன் வேலை. எல்லாக் குடும்பத்திலும் இப்படி ஒருவர் உண்டு. எங்கள் வீட்டில் அது என் மனைவி.)

மச்சான் வந்தான். பானெட்டைத் திறந்தான். மூடினான்.

"வண்டிதானே மாமா," என்றான்.

2

(முதலில் எழுதிய தொடக்கம் வேறு: "இரும்புக்கும் இதயம் உண்டு என்று அவன் அடிக்கடி" – இல்லை. அவன் அப்படியெல்லாம் பேசுகிறவன் இல்லை. யாருமே இல்லை.)

தமிழில் இந்தத் 'தானே'யை மட்டும் நம்பவே கூடாது. 'வண்டிதானே' என்றால் போனால் போகட்டும் என்றும் பொருள். உங்களுக்கு இது வெறும் வண்டிதானே என்றும் பொருள். எந்தப் பொருளில் சொன்னான்? முகத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்கலாம் என்றால், அவன் பானெட்டைப் பார்த்துக்கொண்டு சொன்னான்.

பந்தயம் நெருங்கிக்கொண்டிருந்தது. இந்த முறை இவன்தான் முதலில் வருவான் என்று எதிராளிகளே பேசிக்கொண்டார்கள். நடுவில் ஓர் எழுத்தாளர் புகுந்துவிட்டார்.

ஆகவே வாசகரே, ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதையில் கேஸ்கட் ஒரு சாக்கு. என் மச்சானுக்கு என்மேல் கோபமா இல்லையா என்பதுதான் விஷயம்.

3

அதே ஹெட் எங்கும் கிடைக்கவில்லை. மச்சான் வேறொரு மாடலின் ஹெட்டைக் கொண்டுவந்தான். வால்வுகள் பெரியவை, மூச்சை நன்றாக இழுக்குமாம். ஒரே கம்பெனியின் அண்ணன் தம்பி இன்ஜின்கள் என்பதால் போல்ட் துளைகள் ஒத்துப்போகும்.

"கேஸ்கட்ட நான் வாங்கிட்டு வரேன்," என்றேன். அவன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். நான் தெருமுனைக்கே போய்விட்டேன்.

உதிரிபாகக் கடைக்காரர் ஒன்றே ஒன்று கேட்டார்: "எந்த வண்டிக்கு?"

நீங்கள் பதில் சொல்லிவிடுவீர்களா?

"ரெண்டு வண்டிக்குங்க."

"அப்ப ரெண்டு கேஸ்கட்டா?"

"இல்ல, ஒண்ணுதான். தலை ஒரு வண்டியோடது, உடம்பு இன்னொரு வண்டியோடது."

"சார், நீங்க பார்ட்ஸ் வாங்க வந்தீங்களா, பேய்க்கதை சொல்ல வந்தீங்களா?"

பின்னால் நின்றவர் சிரித்தார். அவமானத்தில் தலையின் பெயரைச் சொன்னேன்.* யார் கேட்டாலும் தலையின் பெயரைச் சொல்வதுதானே மரியாதை?

* இங்கே 'தலை' பற்றி இன்னொரு சிலேடையும் இருந்தது. என் மனைவி படித்துவிட்டுத் தாளைக் கவிழ்த்து வைத்தாள். எடுத்துவிட்டேன்.

4

ஹெட்டின் அடிப்பரப்பைச் சமமாக இழைத்துத் தரும் பட்டறைக்கார அக்கா, நான் வாங்கி வந்த கேஸ்கட்டை முதலில் புது ஹெட்டின் மேல் வைத்துப் பார்த்தார். துளைக்குத் துளை பொருந்தியது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. பிறகு அதையே பிளாக்கின் மேல் வைத்தார். சிலிண்டரின் வாயைவிடக் கேஸ்கட்டின் வட்டம் சிறியது. சுற்றிலும் விளிம்பு உள்ளே நீட்டிக்கொண்டு நின்றது.

"இந்த விளிம்பு நேரா நெருப்புல நிக்கும் தம்பி. எரிஞ்சு போகும். போறப்ப சும்மாவும் போகாது."

"தண்ணி ஓட்டையெல்லாம் சரியா இருக்கே அக்கா?"

"தண்ணி வழி தலைக்கும் ஒத்துக்கணும், உடம்புக்கும் ஒத்துக்கணும். வட்டம் உடம்பு சொல்றதத்தான் கேக்கணும். யாரக் கேட்டு வாங்குனீங்க?"

"நானே யோசிச்சு."

"அதான பாத்தேன்."

(இந்த அக்கா பாத்திரத்தின் மேல் எனக்குச் சந்தேகம் இருந்தது. இப்படி ஒருவர் வந்து எல்லாவற்றையும் விளக்கிவிட்டால் அப்புறம் நான் எதற்கு? அவரையும் கொஞ்சம் குழப்பிவிடலாமா என்று யோசித்தேன். தேவையே இருக்கவில்லை.)

எல்லாம் பொருந்துகிற கேஸ்கட்கள் அவரிடமே இரண்டு இருந்தன. எஃகுத் தகடுகளை அடுக்கிச் செய்தவை. ஒன்று மெல்லியது, மற்றது தடித்தது. மெல்லியதைப் போட்டால் பிஸ்டனுக்கு மேலே இடம் குறையும், காற்று நெருங்கி வெடிக்கும், வண்டி பறக்கும். ஆனால் அந்தக் குறுகிய இடத்தில் பெரிய வால்வுகள் பிஸ்டனில் முட்டினாலும் முட்டலாம். முட்டினால் இன்ஜினே மிஞ்சாது. தடித்ததைப் போட்டால் முட்டாது. பறக்கவும் பறக்காது.

"எது அக்கா போடறது?"

"பிஸ்டன் மேல களிமண் வச்சு, எவ்வளவு நசுங்குதுன்னு அளந்து பாத்தேன். இடம் இருக்குன்னும் சொல்லலாம், பத்தாதுன்னும் சொல்லலாம். சூடு ஏறினா எப்படியோ, எனக்கே குழப்பமாத்தான் இருக்கு. ஓட்டுறவர்தான் முடிவு பண்ணணும்."

"அவன் என்ன சொன்னான்?"

"'எங்க மாமாவக் கேளுங்க'ன்னுட்டுப் போயிட்டார்."

இது மரியாதையா, பழிவாங்கலா? 'தானே'யாவது பரவாயில்லை.

5

முடிவு அ: மெல்லியது. மச்சான் ஜெயிக்கிறான். கோப்பையைத் தூக்கி, "இது எங்க மாமாவுக்கு!" என்கிறான். (எழுதிய கையைக் கழுவிக்கொண்டேன்.)

முடிவு ஆ: மெல்லியது. கடைசி வளைவில் உள்ளே ஏதோ முட்டுகிற சத்தம். வண்டி ஓரமாக ஒதுங்குகிறது. அவன் கதவைத் திறந்துகொண்டு இறங்கி, என் பக்கம் –

முடிவு இ: தடித்தது. நாலாவதாக வருகிறான். "பந்தயம்தானே மாமா," என்கிறான். எனக்கு 'ஆ'வை விட இதுதான் பயம்.

மூன்றையும் மனைவியிடம் வாசித்துக் காட்டினேன்.

"நீங்க அவன்கிட்டப் போய்ப் பேசுற மாதிரி ஒண்ணும் இல்லையா?"

"அது இன்னும் எழுதல."

"எழுத வேணாம். போங்க."

6

பட்டறையில் மச்சான் பிளாக்கின் மேற்பரப்பைத் துடைத்துக்கொண்டிருந்தான். பக்கத்துப் பலகையில் இரண்டு கேஸ்கட்களும் இருந்தன.

"பட்டறை அக்காகிட்ட எதுக்குடா என்னைக் கேக்கச் சொன்ன?"

"நீங்களா வந்து பேசுறீங்களான்னு பாத்தேன். நீங்கதான் ஊரெல்லாம் கேஸ்கட்டப் பத்தி விசாரிச்சுட்டுத் திரியறீங்களே."

"நான் கேஸ்கட்டப் பத்திக் கேக்கல மச்சான்."

"தெரியும்."

"என்மேல கோவமா?"

இந்த இடத்தில் அவன் "சேச்சே, அதெல்லாம் இல்ல மாமா" என்று சொல்வதாக ஒரு வரைவு வைத்திருந்தேன். இருவரும் டீ குடிக்கப் போவதாகவும் இருந்தது. அவன் அப்படிச் சொல்லவில்லை. பந்தயத்தில் என்ன ஆயிற்று என்பதை நீங்களே உங்கள் இஷ்டப்படி முடித்துக்கொள்ளுங்கள். எனக்கு வேண்டியது கிடைத்துவிட்டது. துணியைத் தோளில் போட்டுக்கொண்டு, என் முகத்தைப் பார்த்தே சொன்னான்:

"ஆமா மாமா, கோவம்தான். நல்ல கோவம். தடிசுதான் போடப் போறேன், அதனால தோத்துடுவேன். எங்க மாமாவாலதான் தோத்தேன்னு வர்றவங்க போறவங்க எல்லார்கிட்டயும் சொல்லுவேன். நீங்க பக்கத்துல நின்னு கேட்டுக்கணும், எங்கயும் ஓடக் கூடாது. இப்ப இத வச்சிடுறேன், ஹெட்டு ரொம்ப கனம், அந்தப் பக்கம் வந்து பிடிங்க."