இடது கையால் கொடுத்த காப்பி

லமீஸுக்கு யார் மேலும் நம்பிக்கை கிடையாது. அதிலும் அடிபட்டேன் என்று வழக்குப் போடுகிறவன் மேல் சுத்தமாகக் கிடையாது. காப்பீட்டு நிறுவனத்துக்கு வாதாடுகிற வக்கீலுக்கு அதுதான் பிழைப்பு என்று வைத்துக்கொண்டாலும், அவள் கொஞ்சம் அதிகம். மாதபா நகரில் நாங்கள் இருவரும் ஒரே அலுவலகம். சேர்ந்து சாப்பிடப் போகிற இடத்தில் யாராவது கழுத்துப் பட்டையோடு உட்கார்ந்திருந்தால் போதும், தன் தட்டை மறந்துவிடுவாள். அந்த மனிதர் எப்போது மறந்துபோய்த் திரும்பிப் பார்ப்பார் என்று காத்திருப்பாள்.

அப்படிப்பட்டவளிடம் மிஷாலின் வழக்கு வந்தது. மிஷால் வீடுகளுக்குத் தரை ஓடு பதிக்கிறவர். லமீஸின் நிறுவனத்தில் காப்பீடு செய்த காஸ் சிலிண்டர் வண்டியை ஓட்டும் ஹாயில் என்பவன், அதைப் பின்னால் எடுக்கும்போது அவரைச் சுவரோடு சேர்த்து இடித்துவிட்டான். இடது கை இடுப்புக்கு மேல் எழும்பவில்லை, இனி தொழில் செய்ய முடியாது என்பது மிஷாலின் வழக்கு. எக்ஸ்ரேயில் எலும்புக்கு ஒன்றும் இல்லை. மருத்துவக் குழுவோ, வலிப்பதாகச் சொல்கிறார் என்று எழுதிவிட்டு நழுவிக்கொண்டது. ஆக, அந்தக் கைக்கு அவர் வாய்தான் சாட்சி. நீதிபதி நம்பினால் நஷ்டஈடு கிடைக்கும். நம்பாவிட்டால் மூன்று பெண் பிள்ளைகளோடு அவர் நடுத்தெருவில் நிற்க வேண்டியதுதான்.

"வலிக்குதுன்னு சொல்றாராம். நான்கூடத்தான் சொல்வேன், உன்னைப் பாத்தா தலை வலிக்குதுன்னு," என்றாள் லமீஸ்.

ஆள் வைத்து அவரைக் கண்காணித்தாள். அந்த ஆள் வெயிலில் காய்ந்து கருகியதுதான் மிச்சம். மிஷால் வாசலில் உட்கார்ந்து வலது கையால் தேநீர் குடித்தார், வலது கையால் கதவைச் சாத்தினார்.

"பாத்தியா? ஒரு தடவைகூடத் தப்பு பண்ணல. நிஜமாவே முடியாதவன் இவ்வளவு ஜாக்கிரதையா இருப்பானா?"

"தூக்கினாலும் திருடன், தூக்கலைன்னாலும் திருடனா? அந்த மனுஷன் என்னதான் பண்ணுவாரு தாயே?"

"யோவ், நீ யார் பக்கம்?"

கடைசியில் அவள் தேடிய ஆதாரம் ஹாயிலின் வீட்டிலேயே இருந்தது. விபத்து நடந்த கையோடு, முறைப்படி அவன் குடும்பம் மிஷால் வீட்டுக்கு ஜாஹா போயிருந்தது. பெரியவர்கள் கூட்டமாகப் போய் மன்னிப்புக் கேட்டு, அந்த வீட்டுக் காப்பியைக் குடித்துச் சமரசம் பண்ணிக்கொள்வது. தலைமை தாங்கிப் போனவர் மிஃப்லிஹ் ஹாஜி. ஹாயிலின் மச்சான் அதைக் கைப்பேசியில் படம் பிடித்திருந்தான்.

அலுவலகத்தில் எனக்கு அதைப் போட்டுக் காட்டினாள். மெத்தைகளில் பெரியவர்களும் கடைசியில் ஹாயிலும் வரிசையாக உட்கார்ந்திருக்கிறார்கள். மிஷால் காப்பிக் கூஜாவோடு வருகிறார். கூஜா வலது கையில், கிண்ணம் இடது கையில். ஹாஜிக்கு முன் நன்றாகக் குனிந்து, வலது கையால் ஊற்றி, இடது கையால் நீட்டுகிறார். ஹாஜி கிண்ணத்தைப் பார்க்கிறார், மிஷாலின் முகத்தைப் பார்க்கிறார், மேலங்கியை உதறிக்கொண்டு எழுந்துவிடுகிறார். அவர் பின்னால் மொத்தக் கூட்டமும் எழுந்து வெளியேறுகிறது.

எங்கள் பக்கத்துப் பொடிசுக்குக்கூடத் தெரியும், கூஜா இடது கையில் இருக்கவேண்டும், கிண்ணத்தை வலது கையால் தரவேண்டும். மாற்றித் தந்தால் முகத்தில் காறித் துப்பியதற்குச் சமம்.

"இடது கையால கூஜாவைத் தூக்க முடிஞ்சிருக்காது," என்றேன்.

"கைதான் வரல, வாயுமா வரல? 'கை சரியில்ல ஹாஜி, மன்னிச்சுக்கோங்க'ன்னு ஒரு வார்த்தை சொல்றது. பக்கத்துல அவனோட அண்ணன் பையன் தடிமாடு மாதிரி நிக்கிறான், அவன்கிட்ட குடுக்கறது. ஏன் செய்யல? சமரசம் ஆயிட்டா உரிமையை விட்டுட்டேன்னு கையெழுத்துப் போடணும். அப்புறம் எங்க கம்பெனிகிட்ட கேக்க முடியாது. அதான் வேணும்னே அவமானப்படுத்தி விரட்டியிருக்கான்."

எனக்கும் அவர் மேல் சந்தேகம் வந்துவிட்டது என்பதுதான் உண்மை.

விசாரணை நாளில் நீதிமன்றத்தில் படத்தைப் போட்டார்கள். ஹாயில் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தான். படம் முடிந்ததும் லமீஸ் அங்கேயே நிறுத்தியிருக்கலாம். பதில் தெரியாத கேள்வியைச் சாட்சியிடம் கேட்காதே என்பது எங்கள் தொழிலில் அரிச்சுவடி. ஆனால் எதிராளி திணறுவதைக் கண்ணால் பார்க்கவேண்டும் என்ற ஆசை அவளை விடவில்லை.

"கை முடியலைன்னு அன்னைக்கு ஏன் சொல்லல? ஒரு வார்த்தைதானே?"

நீதிபதி, "பதில் சொல்லுங்க," என்றார்.

"அடுப்புக்கிட்டயே இடது கையால தூக்கிப் பாத்தேன் ஐயா. வரல."

"அதை நான் கேக்கல. ஏன் சொல்லல? அண்ணன் பையன்கிட்ட ஏன் குடுக்கல?"

"குடுத்தா, வீட்டுக்காரன் நீ ஏன் ஊத்தலன்னு ஹாஜி கேப்பாரு. கையைச் சொல்லணும்." மிஷால் ஹாயில் பக்கம் பார்க்காமல் பேசினார். "இவன் என் மெத்தையில உக்காந்திருந்தான். என் வீடு தேடி வந்த விருந்தாளி. அவன் மூஞ்சிக்கு நேரா, 'நீ முடக்கின கைப்பா இது'ன்னு காட்டச் சொல்றீங்களா? அதுக்கு அவங்க என்னைக் காறித் துப்பிட்டுப் போறதே மேல்."

லமீஸ் விடவில்லை. அவளுக்கு அதுவும் நடிப்பாகத்தான் பட்டது.

"அப்படியா? அவ்வளவு மரியாதை பாக்கறவரு இங்க மட்டும் எல்லார் முன்னாடியும் கையைக் காட்டறீங்களே?"

"இது என் வீடு இல்லையே வக்கீலம்மா."

தட்டச்சு செய்கிறவர் விரல்களை நிறுத்திவிட்டார். நீதிபதிதான் எப்போதும்போல வரி வரியாகச் சொல்லி அதைப் பதிவு செய்ய வைத்தார். பிறகு, புதிய மருத்துவக் குழு ஒன்று நரம்புச் சோதனை செய்து பார்க்கவேண்டும் என்று உத்தரவிட்டார். லமீஸிடம், "வேற கேள்வி இருக்கா?" என்றார்.

"இல்ல ஐயா."

அவள் முகம் வெளுத்திருந்தது. எனக்குப் பாவமாகவும் இருந்தது, நன்றாக வேண்டும் என்றும் இருந்தது.

வெளியே வராந்தாவில் ஹாயில் எங்களைத் தாண்டி ஓடினான். வழக்கு முடியும்வரை எதிர்த் தரப்பிடம் ஒரு வார்த்தைகூடப் பேசக்கூடாது என்று காப்பீட்டு நிறுவனம் கண்டிப்பாகச் சொல்லியிருந்தது. தடுக்கவேண்டியவள் லமீஸ்தான். அவள் தடுக்கவில்லை.

"அண்ணே, எங்களுக்குத் தெரியாமப் போச்சுண்ணே," என்று ஹாயில் அழுதான். "ஹாஜியைக் கூட்டிக்கிட்டு மறுபடி வர்றோம். எந்தக் கையால குடுத்தாலும் குடிக்கிறோம்."

மிஷால் வலது கையை அவன் தோளில் வைத்தார். இடது கை பக்கத்தில் அப்படியே தொங்கியது. லமீஸின் கண் அந்தக் கையைவிட்டு நகரவில்லை. இவ்வளவுக்குப் பிறகும் அது அசைகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தாள். மிஷாலும் அதைக் கவனித்துவிட்டார்.

"வா தம்பி, தாராளமா வா. ஆனா கேஸ் முடிஞ்சப்புறம் வா," என்றார். "இப்ப வந்து நான் காப்பி ஊத்தினா, இந்தம்மா அதையும் இங்க போட்டுக் காட்டுவாங்க."