ஏழாவது நாசில்

அந்தப் பட்டறையில் அவளுக்கு ‘மைக்ரான்’ என்று பட்டப்பெயர். மின்நிலைய டர்பைன்களுக்குள் எரிபொருளைத் தூவும் நாசில்களைச் சோதித்துக் கையெழுத்துப் போடுவது அவள் வேலை. துளி பொடியாக விழுந்தால் கண்மூடித் திறப்பதற்குள் எரிந்து தீர்ந்துவிடும். பெரிதாக விழுந்தாலோ எரிந்துகொண்டே போய் உலைச் சுவரைத் தின்னும். துளி அறுபது மைக்ரானை, அதாவது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் அறுபது பங்கைத் தாண்டினால் நாசில் தேறாது. பதினோரு வருஷத்தில் அவள் தேற்றி அனுப்பியதில் ஒன்றுகூடத் திரும்பி வந்ததில்லை.

புதன்கிழமை காலை, துளியை அளக்கும் லேசர் கருவியைச் சரிபார்க்க உட்கார்ந்தாள். அதற்கென்று ஐம்பது மைக்ரான் புள்ளிகள் பொறித்த கண்ணாடித் தகடு ஒன்று உண்டு. அதை வைத்தாள். திரையில் இருபத்தைந்து என்று வந்தது. தகட்டைத் துடைத்து மறுபடி வைத்தாள். அதே இருபத்தைந்து.

அப்போதுதான் கருவியில் மாட்டியிருந்த லென்ஸைப் பார்த்தாள். ஆறு வாரத்துக்கு முன், கருவியின் மேல் எண்ணெய்ச் சாரல் படிகிறதே என்று, எட்ட நின்று அளக்கும் வேறு லென்ஸை மாட்டியது அவளேதான். அதைக் கணினியில் பதிய மறந்துபோனாள். அன்றிலிருந்து கருவி எல்லாத் துளிகளையும் பாதியாகவே காட்டியிருக்கிறது.

அதன் பிறகு சோதித்தது ஒரே ஒரு செட், பன்னிரண்டு நாசில்கள். பதிவேட்டைப் புரட்டினாள். பதினொன்றும் இருபத்தாறு, இருபத்தேழு. இவ்வளவு பொடியா என்று அன்று பூரித்துப் போனது நினைவுக்கு வந்தது. ஏழாவது மட்டும் ஐம்பத்தெட்டு. அறுபதுக்குள்தானே என்று தேற்றியிருந்தாள். அப்படியென்றால் உண்மையில் நூற்றுப் பதினாறு. கீழே அவள் கையெழுத்து, எப்போதும்போல் அழகாக.

அந்தச் செட் போன மின்நிலையத்தில்தான் அவள் தம்பி ஷிஃப்ட் ஆபரேட்டர். அவனுக்குப் போன் போட்டாள்.

“மெஷினை நிறுத்தச் சொல்லுடா. ஏழாவது நாசில் சரியில்ல.”

“சும்மா நிறுத்த முடியாதுக்கா. என்ன காரணம்னு சொல்றது?”

“நான் தப்பா அளந்துட்டேன்னு சொல்லு.”

“அத உங்க மேனேஜர் எங்க தலைமைக்குச் சொல்லணும்க்கா.”

பிறகு மேலாளரிடம் போய் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டாள். அவர் திட்டவில்லை. அவள் நீட்டிய பதிவேட்டைப் பார்த்துவிட்டு மின்நிலையத் தலைமைக்குப் போன் செய்தார். அரை மணி நேரத்தில் டர்பைன் நின்றது. அவளுக்கு எழுத்தில் எச்சரிக்கை கொடுத்தார்கள், வேலை தப்பியது. அன்றாடம் தகட்டை வைத்துப் பார்க்காமல் கருவியைத் தொடக்கூடாது என்ற விதியை அவளே எழுதிச் சுவரில் ஒட்டினாள்.

டர்பைன் ஆறியதும் அதைப் பிரித்துப் போட்ட அன்று மின்நிலையத்துக்குப் போய்ப் பார்த்தாள். ஏழாவது நாசிலுக்கு எதிரே உலைச் சுவரில் நான்கு விரல் நுழையும் ஓட்டை. ஓரமெல்லாம் கிழிந்த துணிபோல் தொங்கியது. அதற்கு வெளியே இருந்த கனத்த உறையும் சூட்டில் நீலம் பாரித்திருந்தது. இன்னும் இரண்டு நாள் ஓடியிருந்தால் உறையும் பிளந்திருக்கும் என்றார் அங்கிருந்த பொறியாளர்.

நிறுத்துவதற்கு முன் பத்து நாளாகவே அந்த இடத்தில் சூடு கூடுதலாகக் காட்டியதாம். சென்சார்தான் கெட்டுவிட்டது என்று எல்லோரும் நினைத்து, அதன் வயரைக்கூட மாற்றினார்களாம். அதைத் தம்பி சாதாரணமாகச் சொல்லிக்கொண்டு வந்தான்.

“அதோட வயரை மாத்தினது யாரு?” என்று கேட்டாள்.

“நான்தான். போன திங்கக்கிழமை.”

“ஓடிக்கிட்டிருக்கும்போதா?”

“ஆமா. இந்த உறையை ஒட்டித்தான் ஒரு மணி நேரம் நின்னேன்.”

அவள் அவன் கையைப் பிடித்து, நீலம் பாரித்த உறையிலிருந்து தள்ளி நிறுத்தினாள்.