பத்தாவது பாட்டு

எல்லாரும் கண்ணை மூடிச் செபமாலை சொல்லிக்கொண்டிருந்தபோது ரோசம்மா தம்பியின் கால்மாட்டில் குனிந்து, சவப்பெட்டியின் வெள்ளைத் துணிக்கு அடியில் அந்த நோட்டுப் புத்தகத்தைச் செருகினாள். பார்ப்பவர்களுக்கு அவள் அவன் காலைப் பிடித்து அழுவது போலிருந்திருக்கும். உண்மையில் அவள் இன்னும் அழவில்லை. அதற்கு நேரம் கிடைக்கவில்லை.

சிங்கப்பூர் பிடோக்கில் அவர்கள் குடியிருந்த அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்தில் பெட்டியை வைத்திருந்தார்கள். தம்பி எட்மண்டுக்கு முப்பத்தொரு வயது. முந்தாநாள் சாயங்காலம் பாட்டுப் பயிற்சியில் கிட்டாரைக் கீழே வைத்தான், தண்ணீர் கேட்டான், அது வருவதற்குள் போய்விட்டான். சின்ன வயதுக் காய்ச்சலில் கெட்டுப்போன இதயம் என்றார் டாக்டர். அம்மா அந்தோனியம்மாள் அதைக் கர்த்தருடைய சித்தமாக எடுத்துக்கொண்டாள். ரோசம்மாவோ அப்போது அவன் பக்கத்தில் யார் யார் இருந்தார்கள் என்று விசாரித்தாள்.

இருந்தவன் ஆம்ப்ரோஸ். எட்மண்டின் பாட்டுக் குழுவில் பாடகன். எலெக்ட்ரிக் கிட்டார், கோயிலில் வாசிப்பது போன்ற ஆர்கன், நாலு வயலின், காதைக் கிழிக்கும் டிரம்ஸ் என்று ஊரே சிரிக்கும்படி ஒரு கூட்டம். பாட்டெல்லாம் எட்மண்ட் எழுதியது. மூன்று வருஷத்துக்கு முன்னால் அவர்களுடைய முதல் ரெக்கார்டு சிராங்கூன் ரோட்டுக் கடையில் தொங்கியபோது ரோசம்மா ஆசையாக வாங்கிப் பார்த்தாள். உறையில் பெரிதாக ஆம்ப்ரோஸ் பெயர். எட்மண்ட் பெயர் பொடி எழுத்தில்கூட இல்லை. கேட்டதற்கு அவன் சிரித்தான். வாயில்லாப் பூச்சி, ஏமாந்துவிட்டுச் சிரிக்கிறது என்று அன்றே அவள் முடிவு கட்டிவிட்டாள்.

இப்போது வரப்போகும் ரெக்கார்டு பத்துப் பாட்டில் ஒரே கதை. ஏழு வருஷம் கப்பலில் போய்வந்த ஒருவன் தன் கம்பத்தை, தான் பிறந்த கிராமத்தைத் தேடுகிறான். கம்பத்தை இடித்தாகிவிட்டது. அந்த இடம் முழுக்க அடுக்குமாடி. எந்தக் கதவு தன் வீட்டுக் கதவு என்று புளோக் புளோக்காக அலைகிறான். ஒன்பது பாட்டு பதிவாகிவிட்டது. பத்தாவது பாட்டின் வரிகள் அந்த நோட்டுப் புத்தகத்தில் மட்டும்தான். அது எட்மண்டின் பையோடு வீட்டுக்கு வந்து சேர்ந்த அரைமணி நேரத்தில் ஆம்ப்ரோஸ் போன் செய்துவிட்டான். "அக்கா, பையில ஒரு நோட்டு இருக்கும், பத்திரமா வைங்க லா."

பிணம் வீடு வந்து சேருமுன்னே நோட்டுக்கு ஆள் வந்தாயிற்று.

செபமாலை முடிந்ததும் ஆம்ப்ரோஸ் அருகில் வந்தான். கண் சிவந்து வீங்கியிருந்தது. ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுததாம் என்று அவளுக்குத் தோன்றியது. அவன் கை நொடிக்கொரு தரம் சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டதையும் அவள் விடவில்லை.

"அக்கா, அந்த நோட்டு..."

"தேடினேன். காணோம்."

"ரூம்ல நான் ஒருதரம் பார்க்கட்டுமா?"

"என் தம்பி ரூம்ல உனக்கு என்ன வேலை?"

டிரம்ஸ் வாசிக்கும் ஜலாலுதீன் பின்னாலிருந்து அவன் தோளைத் தொட்டு இழுத்துப் போனான். அவர்கள் தூணோரம் நின்று கிசுகிசுத்தார்கள். பெட்டியை மூடி ஆணி முடுக்கியபோது அம்மா கதறினாள். ரோசம்மாவுக்கு அந்தச் சத்தத்திலும் ஒரு நிம்மதி இருந்தது. இனி எவனும் அதில் கைவைக்க முடியாது. அவனுடையது அவனோடே போகட்டும்.

சுவா சூ காங் கல்லறையில் ஃபாதர் செபம் சொன்னார். ஆளுக்கு ஒரு பிடி மண் போட்டார்கள். வெயில் மண்டையைப் பிளந்தது. திரும்பும் பேருந்தில் ஆம்ப்ரோஸ் அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். சட்டைப் பையிலிருந்து நாலாக மடித்த ஒரு தாளை எடுத்து நீட்டினான்.

"புது ரெக்கார்டு உறைக்கு அடிச்ச மாதிரித் தாளுக்கா. அவன்கிட்ட காட்டணும்னு அன்னைக்குத்தான் எடுத்துட்டு வந்தேன்."

நடுவில் தனியாக அச்சிட்டிருந்தது: கதை, பாடல், இசை: எட்மண்ட். ஆம்ப்ரோஸ் பெயர் அடியில் மற்றவர்களோடு கிடந்தது.

அவள் அதை இரண்டு தரம் படித்தாள். "முதல் ரெக்கார்டுல ஏன் போடல?"

"அவன்தான் போடாதேன்னான். ஸ்கூல்ல தெரிஞ்சா வாத்தியார் வேலை போயிடும்னு பயம். இந்தத் தடவை போடுன்னான். போன மாசம் ரிசைன் பண்ணிட்டு, தினம் காலையிலேயே பாட்டுப் பதிவுக்கு வந்துட்டிருந்தான்ல. உங்ககிட்ட சொல்லலையா?"

சொல்லவில்லை. போன மாசம் முழுக்க காலையில் அவள் கட்டிக் கொடுத்த சோற்றை எடுத்துக்கொண்டு அவன் எங்கே போனான் என்று இப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது.

"நோட்டு அவன்கூட போயிடுச்சு, ஆம்ப்ரோஸ்," என்றாள். "நான்தான் வச்சேன். கால்கிட்ட."

ஆம்ப்ரோஸ் வாய் திறந்து ஏதோ சொல்ல வந்தான். பேருந்தின் முன்பக்கம் தலை சாய்த்துக் கிடந்த அந்தோனியம்மாளைப் பார்த்துவிட்டு அடங்கிப்போனான். பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டான்.

"படிச்சீங்களா அதை?"

"காலையில மூணு தரம்."

அவன் பேனாவை எடுத்து அந்தத் தாளின் முதுகைத் திருப்பிக்கொண்டான். எட்டு வரிப் பாட்டு. அவள் சொல்லச் சொல்ல எழுதினான். மாடி மாடியாக விளக்கு எரிகிறது, எதுவும் அவன் விளக்கில்லை. கதவு எண்ணைக் கேட்கிறான், காற்று சொல்லவில்லை. கடைசியில் ஒரு கதவின் முன் பையோடு நிற்கிறான். ஆறு வரி வந்துவிட்டது.

"மிச்சம் ரெண்டு?"

பக்கம் கண்ணில் நின்றது. நீல மை நின்றது. அவன் அடித்துத் திருத்திய இடம்கூட நின்றது. அந்த இரண்டு வரி மட்டும் வரவில்லை. மறந்துபோச்சு என்று சொல்லிவிடலாம். சொன்னால் அந்த மனுஷன் என்றைக்கும் கதவுக்கு வெளியிலேயே நிற்பான். ரோசம்மாவுக்கு அதைத் தாங்க முடியவில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டு சொன்னாள்.

"தட்டாதே தம்பி, கதவு திறந்துதான் கிடக்கிறது.
சோறு ஆறுவதற்குள் உள்ளே வா."

பேனா பாதியில் நின்றது.

"கதையில அக்கா யாருமே இல்லையேக்கா."

"கடைசியில வர்றா."

ஆம்ப்ரோஸ் அவளைக் கூர்ந்து பார்த்தான். இரண்டு நாளாக அவள் அவனைப் பார்த்த பார்வை அது. அவள் ஜன்னல் பக்கம் திரும்பவில்லை.

"இதுவும் எட்மண்ட் எழுதினதுதானே?"

"பின்ன வேற யாரு எழுதுவா?"

அவன் குனிந்து இரண்டு வரியையும் எழுதினான். அடியில் ஒரு கோடு இழுத்து, பெயர் எழுதத் தொடங்கினான். அவன் முடிக்கும்வரை, யார் பெயரைப் போடுகிறான் என்று ரோசம்மா எட்டிப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.