அவசரமில்லாத ஊர்

"சாய்ங்க, சாய்ங்க... தலைப்பக்கம் மேல... ஐயோ தொட்டி, தொட்டி!" என்று பேக்கரிக்காரர் கத்தி முடிப்பதற்குள் பெட்டியின் மூலை பூந்தொட்டியில் இடித்து நின்றது.

அந்தத் தொட்டியை நகர்த்த முடியாது. ஊர் அழகுக் குழு வாசலுக்கு ஒன்றாக வைத்து, யாரும் தூக்கிக்கொண்டு போய்விடக் கூடாதென்று அடியில் சிமெண்டும் பூசிவிட்டுப் போயிருந்தது. உயிரோடு இருப்பவர்கள் ஒருக்களித்து நுழையப் பழகிவிட்டார்கள். செத்தவருக்கு இனிமேல் எங்கே பழகுவது?

"உடைச்சிடுங்க," என்றாள் செத்தவரின் தங்கை, உள்ளேயிருந்து.

பெட்டியைத் தூக்கியிருந்த பேக்கரிக்காரர், டெய்லர் உட்பட நால்வரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள்.

"அக்கா, இது குழுவோட தொட்டி..."

"இது என் வாசல்."

அண்ணனின் பையிலிருந்து இருந்ததிலேயே பெரிய ஸ்பேனரை எடுத்து வந்து, பெட்டிக்கு அடியில் குனிந்து புகுந்து, அவளே இரண்டு போடு போட்டாள். மண் சரிந்தது. பூக்கள் சரிந்தன. பெட்டி தெருவுக்கு வந்தது.

அண்ணன் ஊருக்கு ஒரே பிளம்பர். பட்டப்பெயர் 'அவசரம்'. எங்கே குழாய் உடைந்தாலும் வீட்டுக்காரன் சட்டையை மாட்டுவதற்குள் இவர் போய் நிற்பார். நின்றுகொண்டே சாப்பிடுவார், நடந்துகொண்டே பொத்தான் போடுவார். கல்யாணம் ஒன்றுக்குத்தான் அவசரப்படவில்லை. புருஷன் போன பிறகு தங்கை இந்த வீட்டுக்கே வந்து, லாட்ஜுகளின் படுக்கை விரிப்புகளைத் துவைத்துத் தேய்த்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். அவற்றை வாசலில் காயப்போடக் கூடாது என்றது குழு. பிறகு, வெளியூர்க்காரர்களுக்குக் கொடியில் துணி ஆடினால் பிடிக்கிறது என்று தெரிந்ததும், யாரும் உடுத்தாத கலர் கலர் துணிகளை வாங்கிவந்து குழுவே தெருவுக்குக் குறுக்கே கட்டிவிட்டது. அவை காய்ந்து வருஷக்கணக்காகின்றன.

அண்ணனுக்கு முதல் தடவை நெஞ்சு பிடித்தது இந்தத் தெருவில்தான். பேக்கரி முன்னால் கிடந்த பெஞ்சில் உட்கார்ந்து, கண்ணை மூடி, கையை மார்பில் வைத்துக்கொண்டார். எதிரே நின்ற யாரோ ஒரு புகைப்படக்காரன் கிளிக்கிவிட்டான். அடுத்த மாதமே நுழைவு வளைவில், டிக்கெட் கவுண்டரில், காபிக் கடையாகிப்போன பழைய ஆஸ்பத்திரிக் கட்டடத்தின் சுவரில் என்று எங்கு பார்த்தாலும் அண்ணன் முகம். கீழே, 'அவசரமில்லாத ஊர் உங்களை வரவேற்கிறது.'

அதைப் பார்த்து அண்ணன் விழுந்து விழுந்து சிரித்தார். "மூச்சு விட முடியாம உக்காந்திருக்கேன், இவனுங்க என்னை ஞானி ஆக்கிட்டானுங்களே!"

தங்கைக்கு அன்றைக்கே சிரிப்பு வரவில்லை.

தெருவில் பத்தடி போவதற்குள் குழுத் தலைவர் வந்து சேர்ந்தார். நாலு லாட்ஜுக்குச் சொந்தக்காரர். சட்டையில் ஊர்ச் சின்னம் குத்தியிருந்தார்.

"ரொம்ப வருத்தம்மா. நம்ம ஊரோட முகமே போயிடுச்சு."

"எங்க போச்சு? அதான் மூலைக்கு மூலை ஒட்டி வச்சிருக்கீங்களே."

தலைவர் அதைக் காதில் வாங்காமல் குரலைத் தாழ்த்தினார். "இன்னிக்குப் பாத்து பத்திரிகைக்காரங்க வர்றாங்கம்மா. பார்க்க வேண்டிய அழகான சிற்றூர்கள்னு போடப்போறாங்க. பஸ் கிட்ட வந்துடுச்சு. நீங்க பின் சந்து வழியா..."

"குப்பை வண்டி போற சந்தா?"

"சரி, அது வேண்டாம். சாயங்காலம் அவங்க கிளம்பினதும் எடுத்துக்கலாம். இப்ப என்னம்மா அவசரம்?"

டெய்லர் தோளில் இருந்த பெட்டியை மறந்து திரும்பிப் பார்த்தார். பேக்கரிக்காரர் தரையைப் பார்த்தார்.

நேற்று மதியம் அண்ணனுக்கு மறுபடி நெஞ்சு பிடித்தபோது அவள் இதே தெருவில் ஓடினாள். பக்கத்து டவுனிலிருந்து ஆம்புலன்ஸ் வந்து வளைவுக்கு வெளியே நின்றிருந்தது. தெருவுக்குள் வண்டி நுழையாதபடி மூன்று இரும்புத் தூண்களை நட்டுப் பூட்டு போட்டிருந்தார்கள். சாவி தலைவரிடம். தலைவர் மணிக்கூண்டின் உச்சியில், சுற்றிப்பார்க்க வந்தவர்களுக்கு ஊரைச் சுட்டிக் காட்டிக்கொண்டிருந்தார். போனைச் சத்தமில்லாமல் வைத்திருந்தார். அவள் கீழே நின்று தொண்டை கிழியக் கத்தினாள். மேலேயிருந்து ஒரு வெள்ளை உடுப்புக் குடும்பம் அவளைப் பார்த்துக் கையசைத்தது. கடைசியில் ஆம்புலன்ஸ்காரர்கள் ஸ்ட்ரெச்சரைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். புதிதாகப் பதித்த கல் வழவழவென்றிருந்தது. அழகாக, ஜாக்கிரதையாக ஓடினார்கள். வீடு வந்தபோது ஸ்ட்ரெச்சருக்கு வேலை இருக்கவில்லை.

"தூக்குங்க," என்றாள். "நடுத்தெருவுலயே போங்க."

தலைவர் பின்வாங்கினார். அழுகிற பொம்பளையைச் சமாளித்துப் பழக்கம், இவள் அழவில்லை. சட்டென்று ஒரு யோசனை தோன்றி, போனை எடுத்துக்கொண்டு வளைவை நோக்கி ஓடினார். அவர் ஓடி ஊரில் யாரும் பார்த்ததில்லை. "டேய், அந்த அமரர் ஊர்தியை வெளியே நிறுத்தாத, உள்ளயே விடு! நான் வர்றேன். சீக்கிரம்டா, அவசரம்!"

கலர் துணிகளுக்கு அடியில் பெட்டி போனது. அவர்கள் பேக்கரியை நெருங்கும்போது வண்டி தெருவுக்குள் வந்து, பின்கதவைத் திறந்து வைத்துக்கொண்டு தயாராக நின்றது. அதற்கு அந்தப் பக்கம், வளைவுக்கு வெளியே, பஸ் ஒன்று ஹாரன் அடித்தது.

தங்கை வண்டியைப் பார்க்கவில்லை. வளைவின் அடியில் தரையைப் பார்த்தாள். மூன்று தூண்களும் பிடுங்கி ஓரமாய்ப் போடப்பட்டிருந்தன. தரையில் மூன்று குழிகள்.

தலைவர் மூச்சிரைக்க வந்தார். "பாத்தியாம்மா, வண்டியே உள்ள வந்துடுச்சு. ஏத்திட வேண்டியதுதான்."

"சாவி எங்க இருந்துச்சு?"

"சாவியா? பாக்கெட்லதாம்மா. எப்பவும் என் பாக்கெட்லயேதான் இருக்கும்."

நல்ல பதில் சொல்லிவிட்டோம் என்று நினைத்தவர், பாக்கெட்டைத் தட்டியும் காட்டினார். உள்ளே சாவி சத்தம் போட்டது.

அவள் நால்வர் பக்கம் திரும்பினாள். "இறக்கி வைங்க."

"வண்டியிலயா அக்கா?"

"இங்க. பெஞ்சு முன்னால. கொஞ்சம் மூச்சு வாங்கிக்கோங்க."

பெட்டியைத் தெருவின் நடுவில் இறக்கினார்கள். டெய்லர் தோளைத் தேய்த்துக்கொண்டார். பேக்கரிக்காரர் முகத்தைத் துடைத்தார், வெகுநேரம் துடைத்தார். பஸ் மறுபடியும் ஹாரன் அடித்தது. ஜன்னல்களில் தலைகள் முளைத்தன.

"அம்மா... தங்கச்சி..." தலைவரின் குரல் கெஞ்சியது. "அவங்க பாக்குறாங்கம்மா. கொஞ்சம் சீக்கிரம்..."

அவள் பெஞ்சில் அண்ணன் உட்கார்ந்த இடத்தில் போய் உட்கார்ந்தாள். வலது காலைத் தூக்கி, செருப்பைக் கழற்றி, உள்ளே கல் ஏதோ புகுந்ததுபோலத் தலைகீழாகப் பிடித்து, அவசரமில்லாமல் பெஞ்சின் விளிம்பில் தட்டினாள்.

கல் எதுவும் விழவில்லை.

இன்னொரு தடவை தட்டினாள்.