நீலச்சங்கு வீரனின் மச்சான்

திரையில் மச்சான்காரன் இடுப்பிலிருந்து கத்தியை எடுத்ததும் பிலோமினா மடியிலிருந்த பாப்கார்னைக் கொட்டிவிட்டாள்.

அவள் ஒன்றும் ஆசைப்பட்டுப் படம் பார்க்க வந்தவள் இல்லை. மகள் ஸ்டெபிக்கு வருகிற திங்கட்கிழமை கல்யாணம். அதற்கு முன்னால் அம்மாவோடு ஒரு படம் பார்த்தே தீருவேன் என்று பிடிவாதம் பிடித்து இழுத்துக்கொண்டு வந்திருந்தாள். அதுவும் பொம்மைப் படம். ஐம்பது வருஷமாகப் புத்தகமாக வந்துகொண்டிருந்த ‘நீலச்சங்கு வீரன்’ படக்கதையை இப்போது சென்னையில் யாரோ அனிமேஷன் படமாக எடுத்திருந்தார்கள். முகமூடி போட்ட சங்குகுளி ஒருவன் நீலநிறச் சங்கை ஊதினால் கடலே அவன் பேச்சைக் கேட்கும். கதை நம் கடற்கரையில் நடக்கிறது என்பதால் தூத்துக்குடி தியேட்டரில் விசில் கூரையைப் பிய்த்தது.

வீரனாவதற்கு முன்னால் அவன் சாதாரண சங்குகுளி. மூச்சுக்காற்று வரும் கம்ப்ரசர் டியூபை வாயில் கடித்துக்கொண்டு, இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு இறங்குகிறான். மேலே படகில் கயிற்றைப் பிடித்திருப்பவன் அவன் மனைவியின் அண்ணன். அந்த மச்சான்தான் கயிற்றை வெட்டிவிடுகிறான். வீரன் ஆழத்துக்குப் போகிறான், அங்கே நீலச்சங்கு கிடைக்கிறது, பழிவாங்கத் திரும்புகிறான். பிள்ளைகள் கைதட்டினார்கள். பிலோமினாவோ வெட்டுப்பட்ட கயிற்றில் வீரன் இடுப்பில் கட்டியிருந்த நுனியையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த நுனியில் ஒரு சிவப்புத் துணி தைத்திருந்தது.

அந்தத் துணியைத் தைத்தது அவள்.

முப்பது வருஷத்துக்கு முன்னால், ஸ்டெபி வயிற்றில் இருந்தபோது, அவள் புருஷன் ரோச்சைப் பற்றி ஒரு பேச்சு காதில் விழுந்தது. கயிறு எட்டாத இடத்தில் நல்ல சங்கு கிடந்தால் அவன் கயிற்றையும் டியூபையும் கழற்றிப் பாறையில் கட்டிப்போட்டுவிட்டு, மூச்சை அடக்கிக்கொண்டு போய் எடுத்து வருகிறானாம். அவள் விடுவாளா? பனிமய மாதா முன்னால் அவனை நிறுத்தி, இனிமேல் கயிற்றை அவிழ்க்கமாட்டேன் என்று சத்தியம் வாங்கினாள். ஞாபகமாக இருக்கட்டும் என்று தன் கல்யாணப் பட்டில் ஒரு துண்டைக் கிழித்து, அவன் இடுப்பில் கட்டுகிற நுனியில் தைத்தும் கொடுத்தாள். இதெல்லாம் மூன்று பேருக்குத்தான் தெரியும். அவளுக்கு, ரோச்சுக்கு, கயிறு பிடித்த அவள் அண்ணன் தேவபிரசாதத்துக்கு.

இந்தக் கரையில் கயிறு பிடிப்பது பெண்டாட்டியின் உடன்பிறந்தவன் வேலை. சொந்தத் தம்பி பிடித்தால் சொத்துக்கு ஆசைப்பட்டுக் கையை விட்டாலும் விடுவான், மச்சான் விடமாட்டான், அவன் பிடித்திருப்பது தங்கச்சி தாலி என்பார்கள். அப்படிப் பிடித்திருந்தும் ரோச் திரும்பி வரவில்லை. பாறையில் உரசிக் கயிறு அறுந்துபோனது என்றான் தேவபிரசாதம். மறுநாள் அவனே ஆள் கூட்டிப்போய் உடலைக் கொண்டுவந்து கரையில் கிடத்தினான். இடுப்பில் ஒரு முழக் கயிறு இருந்தது. கைக்குழந்தையோடு அவள் அதைப் பார்த்தாள். இப்போது, தியேட்டர் இருட்டில், அந்தக் கயிறு கண்முன் வந்து நின்றது. அதன் நுனி நார் நாராகப் பிரிந்திருக்கவில்லை. வழுவழுவென்று, கத்தி வைத்ததுபோல இருந்தது. சிவப்புத் துணியும் அதில் இல்லை.

“என்னம்மா, அழுதியா?” என்றாள் ஸ்டெபி.

“ஏசி கண்ணுல அடிக்கி” என்றாள் பிலோமினா.

அன்று சாயங்காலமே திரேஸ்புரத்தில் அண்ணன் வீட்டுக்குப் போனாள். தேவபிரசாதம் புது ஷூ போட்டுக்கொண்டு வீட்டுக்குள் இந்தச் சுவருக்கும் அந்தச் சுவருக்கும் நடந்துகொண்டிருந்தான். அப்பா இல்லாத பிள்ளை, கோயில் வாசலிலிருந்து பீடம்வரை ஸ்டெபியைக் கைபிடித்துக் கூட்டிப்போகப் போகிறவன் அவன்தான். கண்டெய்னர் யார்டில் வாட்ச்மேன் வேலை, வாழ்நாள் முழுக்க ரப்பர் செருப்பு. கோயிலில் தடுக்கி விழுந்து மானத்தை வாங்கிவிடக் கூடாதே என்று ஒரு வாரமாகப் பயிற்சி. நேற்றுவரை இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தவள் பிலோமினா. இன்று அந்த டக் டக் சத்தம் அவளுக்கு எரிச்சலாக இருந்தது.

“அண்ணே, ஒண்ணு கேக்கேன். மாதா மேல ஆணையா சொல்லு. அன்னைக்குக் கயிறு என்ன ஆச்சு?”

நடை நின்றது. “இப்ப எதுக்குளா அது? அறுந்துபோச்சு. பாறையில ஒரசி அறுந்துட்டு.”

“ஒரசுன கயிறு நாராப் பிரியாதா? நான் பாத்தது கத்தியால வெட்டுன கயிறு. நான் தச்ச துணி எங்க?”

“கடல்ல போயிருக்கும்.”

“மாதா மேல ஆணையா சொல்லுன்னு கேட்டேன்.”

தேவபிரசாதம் குனிந்து ஷூவைப் பார்த்தான். ஆணை வரவில்லை. அண்ணி கிருபை அடுப்படி வாசலில் கரண்டியோடு நின்றாள். எதையோ சொல்ல வாயெடுத்தாள், புருஷன் முகத்தைப் பார்த்து மூடிக்கொண்டாள். அதையும் பிலோமினா கவனித்தாள். சந்தேகம் வந்துவிட்டால் கண்ணுக்கு எல்லாம் தெரிந்துவிடும். இத்தனை வருஷம் மாதம் தவறாமல் அரிசி மூட்டை இறக்கினானே, எதற்கு? ஸ்டெபி படிப்புக்கு ஓடியாடி அலைந்தானே, எதற்கு? பாசமா, பாவத்துக்குப் பரிகாரமா?

“திங்கக்கிழமை கோயில் பக்கம் நீ வராத. ஸ்டெபிய அவ சித்தப்பா ஜாய் கூட்டிட்டுப் போகட்டும்” என்றாள்.

கோபப்படுவான், கத்துவான் என்று எதிர்பார்த்தாள். குற்றமில்லாதவனுக்குக் கோபம் வரவேண்டாமா? அவன், “சரி” என்று மட்டும் சொன்னான். நாற்காலியில் உட்கார்ந்து ஷூ கயிற்றை அவிழ்க்க ஆரம்பித்தான். அந்த ஒரு ‘சரி’யோடு அவளுக்கிருந்த கொஞ்சநஞ்ச நம்பிக்கையும் போயிற்று.

ராத்திரி விஷயத்தைக் கேட்ட ஸ்டெபி, “மாமாவா? பொம்மைப் படத்தப் பாத்துட்டு மாமாவ கொலகாரன்னு சொல்லுதியா?” என்று குதித்தாள். அம்மாவோடு பேசமாட்டேன் என்று படுத்தவள், காலையில் தானாகவே வந்து செல்போனை நீட்டினாள். காயல்பட்டினத்தில் ஜக்கரிய்யா என்று ஒருவர் அந்தப் படத்தைத் திட்டி வீடியோ போட்டிருந்தார். புத்தகத்தில் கதை வேறு, படக்காரர்கள் கெடுத்துவிட்டார்கள் என்று தாடியைப் பிடித்துக்கொண்டு புலம்பினார். துணி விஷயத்தை எழுதியவன் யார் என்று தெரிந்தாக வேண்டும். அண்ணன் குடிபோதையில் யாரிடமாவது உளறியிருந்தால், அதுவே சாட்சி. பிலோமினா ஸ்டெபியின் ஸ்கூட்டரில் பின்னால் ஏறி உட்கார்ந்தாள்.

ஜக்கரிய்யா ஜித்தாவில் இருபது வருஷம் இருந்து ஊர் திரும்பியவர். சம்பாதித்தது வீடாகியிருந்தது, மிச்சம் நீலச்சங்கு வீரனாகியிருந்தது. முந்நூற்றுப் பன்னிரண்டு இதழ்கள், ஒவ்வொன்றுக்கும் பிளாஸ்டிக் உறை. அவர் மனைவி பதுருன்னிஸா டீ கொண்டுவந்ததும், “கிளாஸ இங்கன வைக்காத!” என்று பதறினார். “புள்ளைய வளத்ததவிட இத நல்லா வளத்தாரு” என்று சொல்லிவிட்டு அந்த அம்மாள் உள்ளே போனாள்.

“மச்சான வில்லனாக்கிட்டானுவம்மா! புஸ்தகத்துல அவன் தங்கமான மனுசன்” என்றார் ஜக்கரிய்யா. “வீரனுக்குச் சங்கு எப்படிக் கெடச்சதுன்னு இருபது வருசமாச் சொல்லவே இல்ல. எரநூறாவது இதழுக்கு வாசகர்கிட்டயே போட்டி வச்சாங்க. யாரோ எழுதுன கதை பரிசு வாங்கிச்சு. இதுதான் அந்த இதழ். தொண்ணூத்தாறு மார்ச்.”

பிலோமினா மனதுக்குள் கணக்குப் போட்டாள். ரோச் இறந்தது அந்த வருஷம் செப்டம்பர். அவன் சாவதற்கு ஆறு மாதம் முன்பே அச்சான கதையில் அண்ணன் எதை உளறியிருக்க முடியும்?

கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு பக்கத்தைப் பிரித்தாள். படகில் வீரன் மச்சானிடம் சொல்கிறான்: “மச்சான், கயிறு எட்டாத இடத்துல கிடக்கு. அவுத்துட்டுத்தான் போவணும். மாதாவுக்குச் சத்தியம் பண்ணிட்டு உம்ம தங்கச்சிய ஏமாத்துதேன். அவகிட்ட மட்டும் சொல்லிராதேயும்.” மச்சான் சொல்கிறான்: “சொல்லல. நீர் திரும்பி வாரும், அது போதும்.” அடுத்த படத்தில் கடலுக்கடியில் பாறையில் கட்டிய கயிறு. நுனியில் சிவப்புத் துணி ஆடுகிறது. வீரன் அதை விட்டு விலகி நீலச்சங்கை நோக்கிப் போகிறான்.

கடைசிப் பக்கத்தின் அடியில் பொடி எழுத்தில் அச்சாகியிருந்தது: ‘பரிசுக் கதை: சங்குகுளி ரோச், தூத்துக்குடி. பரிசு: ஓராண்டுச் சந்தா.’

ஸ்டெபி அந்தப் பெயரின்மேல் விரலை வைத்தாள். ஜக்கரிய்யா பிளாஸ்டிக் உறையைக்கூட மறந்துவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். அடக்கம் முடிந்த பிறகும் நாலைந்து மாதம் ரோச் பெயருக்குத் தபால்காரர் பொம்மைப் புத்தகம் கொண்டுவந்து போட்டது பிலோமினாவுக்கு ஞாபகம் வந்தது. செத்தவனுக்கு எந்தக் கூறுகெட்டவன் அனுப்புகிறான் என்று ஒவ்வொன்றாக அடுப்பில் போட்டிருந்தாள். படுபாவி மனுஷன்! சத்தியத்தை மாதாவிடம் கொடுத்துவிட்டு, உண்மையை அச்சாபீசுக்குக் கொடுத்திருக்கிறான். அவளுக்கு அவன்மேல் கோபம் கோபமாக வந்தது. அழுகையும் கூடவே வந்தது.

ஸ்கூட்டரில் திரும்பும் வழியெல்லாம் யோசித்துக்கொண்டே வந்தாள். அவன் அவிழ்த்துவிட்டுப் போனான் என்றால், உடலில் கயிறே இருந்திருக்காதே. அப்படியானால் இடுப்பில் இருந்த அந்த ஒரு முழம்?

“திரேஸ்புரத்துக்கு விடு” என்றாள்.

தேவபிரசாதம் யூனிபார்மோடு வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தான். காலில் பழைய ரப்பர் செருப்பு. ஷூ பெட்டி திருப்பிக் கொடுப்பதற்காகக் கதவருகில் இருந்தது.

“அண்ணே, துணி தச்ச நுனி உன்கிட்டதான இருக்கு?”

“கடல்ல போயிட்டுன்னு சொன்னேம்லா.”

கிருபை உள்ளே போய், மாதா சுரூபத்துக்குப் பின்னாலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்துவந்து பிலோமினா மடியில் வைத்தாள். பிரித்தால் கயிறு. ஒரு நுனியில் சிவப்புத் துணி, அவள் போட்ட தையல் ஒன்றுகூட விடாமல் முழுசாக இருந்தது. அறுபடவில்லை, உரசவில்லை. மறுநுனியில் கத்தியால் வெட்டிய தடம். அங்கேயிருந்துதான் ஒரு முழம் எடுத்து, கரைக்கு வருமுன் படகிலேயே அவன் ரோச்சின் இடுப்பில் கட்டியிருக்கிறான். சத்தியத்தை மீறிச் செத்தான் என்று தங்கச்சிக்குத் தெரியக் கூடாது, சங்குக்காக உன்னையும் பிள்ளையையும் விட்டுப் போனான் என்று யாரும் அவளிடம் சொல்லக் கூடாது. கயிறு அறுந்தால் பிடித்தவன் பொறுப்பு. கயிற்றைச் சரிபார்க்கத் தெரியாதவன் என்று அதற்கப்புறம் ஒரு படகுகூட அவனை ஏற்றவில்லை. ஏன் கடலுக்குப் போகமாட்டேன் என்கிறான் என்று அவளே அவனைச் சோம்பேறி என்று ஏசியிருக்கிறாள்.

“அவுத்துட்டுப் போனாருன்னு ஏன் எங்கிட்ட சொல்லல?”

தேவபிரசாதம் கிருபையை ஒரு முறை முறைத்துவிட்டு, தொண்டையைச் செருமினான். “யாரு அவுத்தா? மச்சான் சொன்ன சொல்லு மாறாத மனுசன். கயிறு அறுந்துதான் போச்சு. நான்தான் சரியாப் பாக்கல.”

மடியில் கயிறு முழுசாகக் கிடக்கிறது, கண்ணுக்கு நேரே இப்படிச் சொல்கிறான். பிலோமினா அவனையே பார்த்தாள். வாசலில் ஸ்டெபி கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். ரோச் செய்த சத்தியத்தைவிட இந்தப் பொய் கெட்டியாக இருந்தது. இனி அதை அவன் கையிலிருந்து பிடுங்குவது அவளுக்குப் பாவமாகப் பட்டது.

“சரிண்ணே. அறுந்துதான் போச்சு” என்றாள். கயிற்றைச் சுருட்டிப் பழையபடி பொட்டலம் கட்டி, கிருபையிடம் கொடுத்தாள். எழுந்துபோய் ஷூ பெட்டியை எடுத்து வந்து அவன் காலடியில் வைத்தாள். “நேத்துப் பேசினது தப்பு. திங்கக்கிழமை நீ பிடிக்காம எம்புள்ள கைய யாரு பிடிப்பா? நாலு மணிக்கே வந்துரு.”

தேவபிரசாதம் பெட்டியைத் திறந்து ஒரு ஷூவில் காலை நுழைத்தான்.

“ஷூ கடிக்குதுளா” என்றான்.

இருபத்தொன்பது வருஷத்தில் தங்கச்சியிடம் அவன் சொன்ன முதல் குறை அதுதான்.