திதி தெரியாத வீடு

லண்டன் மனோர் பார்க் சொலிசிட்டர் ஸ்ரீதரனுக்கு வாய்தான் மூலதனம். அகதி வழக்குகளில் அந்த வாய் எத்தனையோ பேரைக் கரை சேர்த்திருக்கிறது. இப்போது கவுன்சில் தேர்தலில் நிற்கிறார்; தேர்தல் வந்தால் சொலிசிட்டருக்கும் முதுகு தானாக வளைந்துவிடும். வீடு வீடாக ஓட்டுக் கேட்கக் கூட வந்த கட்சித் தொண்டர் பிரீத்தா, சென்னைப் பெண், வாசல் கேட்டருகே போனில் பேசிக்கொண்டு நின்றாள்.

கதவைத் திறந்தவர் தவமலர் என்ற அறுபது தாண்டிய அம்மா.

"வணக்கம் அம்மா. இந்த வீட்டிலை எத்தினை பேர்?" ஸ்ரீதரன் பல்லெல்லாம் தெரியச் சிரித்தார்.

தவமலர் சிரிக்கவில்லை. "அண்டைக்கும் இதைத்தான் கேட்டனீங்கள், தம்பி. வன்னியிலை. மூண்டு பேர் எண்டன். வீட்டுக்கு ஒராள் இயக்கத்துக்கு வரவேணும் எண்டு என்ரை மகன் அபிஷனைக் கொண்டு போனியள்."

ஸ்ரீதரன் பிரீத்தா நின்ற பக்கம் திரும்பிப் பார்த்தார். இயக்கத்தில் துப்பாக்கியோடு திரிந்த காலத்தை அவர் இங்கே எவரிடமும் சொன்னதில்லை. தெரிந்தால் கட்சி அன்றே கைகழுவிவிடும். 'ஆள் மாறிப்போச்சு, அம்மா' என்றால் போதும். முன்பொருமுறை கோயில் வாசலில் அப்படிச் சொல்லித்தான் தப்பினார்.

"பயப்பிடாதேங்கோ, நான் ஒருத்தருக்கும் சொல்லமாட்டன்" என்றார் தவமலர். "உயிரோடை இருந்தால் வந்திருப்பான். அவன் செத்த நாளை மட்டும் சொல்லுங்கோ. திதி குடுக்க ஐயர் நாள் கேக்கிறார். என்னட்டை நாள் இல்லை."

நாள் அவருக்குத் தெரியும். அதைச் சொன்னால் தானும் அங்கே நின்றதைச் சொன்னதாகிவிடும். அதற்குள் பிரீத்தா பக்கத்தில் வந்துவிட்டாள்.

"தெரிஞ்சவங்களா சார்? எத்தனை ஓட்டுன்னு போடட்டும்?"

"ஆள் மாறி..." என்று தொடங்கிய ஸ்ரீதரனுக்கு வாய் ஒட்டிக்கொண்டது. தவமலர் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பார்வையில் கோபம் இருந்திருந்தால் அவர் பொய்யைச் சொல்லி முடித்திருப்பார்.

"சிவராத்திரிக்கு அடுத்த நாள், அம்மா" என்றார், பிரீத்தாவுக்கும் கேட்கும்படி. "ஆமி அடிச்ச ஷெல் விழுந்தது. நான் பக்கத்திலை நிண்டனான். நான்தான் அவனை இயக்கத்துக்குக் கொண்டு போனனான்."

பிரீத்தாவின் விரல் போனிலேயே நின்றது.

"அப்ப மாசி அமாவாசை" என்றார் தவமலர் மெதுவாக.

ஸ்ரீதரனுக்கு அழுகை வந்துவிட்டது. "முதல் நாள் இரவு சொன்னவன், 'அம்மா எனக்காக முழிச்சிருப்பா, அண்ணை' எண்டு."

தவமலர் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டார்.

"ஓம், தம்பி. முழிச்சுத்தான் இருந்தனான்."