கவாத்துக்கு முன்

ஈஸ்டர் பூசைக்குக் கிளம்பும்போது மரிய ஜோசப் தன் சட்டைப் பொத்தான்களைத் தானே போட்டுக்கொண்டார். கடைசிப் பொத்தானில் விரல் கொஞ்சம் திணறியது. யாரும் உதவிக்குப் போகவில்லை. மருமகள் ஷெரின் கதவோரம் நின்று பார்த்தாள். ஜனவரியில் அவளுடைய கல்யாண விருந்தில், பிரியாணி சாப்பிட்டு முடித்த அதே மனிதரை நாற்காலியிலிருந்து இரண்டு பேர் தூக்கி நிறுத்தினார்கள்.

"அந்தோனியாரு கைவிடல," என்றாள் மாமியார் இருதயம்மாள். கணவரின் நடுக்குவாதம் இறங்க வேண்டுமென்று புனித அந்தோனியாருக்கு நேர்ந்துகொண்டு, தவக்காலம் நாற்பது நாளும் கறி, மீன், முட்டை எதையும் அவள் வீட்டுக்குள் விடவில்லை. கஞ்சியும் துவையலும்தான். இரண்டாவது வாரத்திலேயே அவர் கை இளகத் தொடங்கியது. ஈஸ்டருக்கு மறுநாள் திராட்சைக் கொடிகளை வெட்டிவிடும் கவாத்து. போன தடவை கூலிக்கு வந்தவர்கள் தப்பான கணுவில் வெட்டியதில் பாதிக் கொடி காய்க்கவில்லை. இந்த முறையும் இப்படியென்றால் பந்தலைப் பிரித்துவிட்டு வாழை வைப்பதாக மகன் சேவியர் சொல்லியிருந்தான். கத்தரியை நானே பிடிக்கிறேன் என்றிருந்தார் மரிய ஜோசப்.

மதியம் ஆட்டுக்கறி. நாற்பது நாள் பாக்கியை ஒரே இலையில் தீர்ப்பதுபோல இருதயம்மாள் அள்ளி அள்ளி வைத்தாள். அதன் மேல் வழக்கம்போல மாத்திரை. வெறும் வயிற்றில் போட்டால் குடல் வெந்துவிடும் என்பது அவள் கணக்கு. மூன்று மணிக்கு அவர் கட்டிலிலிருந்து எழப் பார்த்தார். முடியவில்லை. சுவரைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தார். வலது கை தொடைமேல் தானாக ஆடியது.

அடுக்களையில் இருதயம்மாள் சட்டியைக் கழுவாமல் வைத்துக்கொண்டு நின்றாள். "நாந்தேன் குத்தம் பண்ணிப்புட்டேன். பெரிய வெள்ளிக்கிழம சிலுவப்பாதையில பக்கத்து வீட்டு ரீட்டாகிட்டச் சேல வெல கேட்டேன்."

ஷெரின் அடுக்களைக்குள் வந்தாள். வேதியியல் படித்தவள், ஆனால் இந்த வீட்டில் மூன்று மாதமாக அவள் பேசியதெல்லாம் 'சரி அத்தே' மட்டும்தான்.

"குத்தமெல்லாம் இல்ல அத்தே. கறிதான்."

இருதயம்மாள் திரும்பினாள்.

"குச்சிய வெட்டுனாத்தான கொடி காய்க்குது அத்தே? அந்த மாத்திரையும் அப்பிடித்தான். முழுங்கும்போது அது மருந்தில்ல. தலைக்குள்ள போயி, அங்கன அதுல ஒரு துண்டு வெட்டுப்பட்டாத்தான் மருந்தாகும். ஆனா உள்ள போற வாசல் சின்னது. கறியிலருந்து வர்ற சத்தும் அதே வாசல்லதான் முண்டுது."

"அப்ப அந்தோனியாரு ஒண்ணுஞ் செய்யலங்கிறியா?"

ஷெரின் குழம்புச் சட்டியின் மூடியைச் சரியாக வைத்தாள். "நீங்க நாப்பது நாளு நிறுத்தலேன்னா மாத்திர உள்ளயே போயிருக்காது அத்தே."

இருதயம்மாள் அடுப்பைப் பற்ற வைத்தாள். மீதிக் குழம்பைச் சுட வைத்தாள். அது காலை இட்லிக்கு என்று அந்த வீட்டில் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை.

திங்கள் காலை ஷெரின் எழுந்து வந்தபோது அடுப்பில் கஞ்சி கொதித்துக்கொண்டிருந்தது. மாமியார் ஒரு கையில் தண்ணீரும் ஒரு கையில் மாத்திரையுமாக நின்றாள்.

"வெறும் வயித்துலயா?" என்று அவளைப் பார்க்காமலே கேட்டாள்.

"ஆமா அத்தே. அரைமணி கழிச்சுக் கஞ்சி."

"நேத்துக் கறி என்னாச்சு?" என்றார் மரிய ஜோசப் கட்டிலிலிருந்து.

"இருக்கு. வேல முடிஞ்சு ராத்திரிக்குத்தேன். எங்கயும் ஓடிப்போயிறாது."

பந்தலுக்கு அடியில் ஒரு பழப்பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு அவர் உட்கார்ந்தார். மடியில் கத்தரி. அதன்மேல் இருந்த கை இன்னும் ஆடிக்கொண்டிருந்தது. இருதயம்மாள் செபமாலை உருட்டினாள். பாதியில் நிறுத்தி, "மருந்து புடிக்க இன்னும் எம்புட்டு நேரம்த்தா?" என்றாள்.

ஷெரின் போனைப் பார்த்தாள். "பத்து நிமிசம்."

இருதயம்மாள் விட்ட மணியிலிருந்து தொடர்ந்தாள்.

சொன்ன நேரத்துக்கு முன்பே அவர் எழுந்தார். இடது கையால் ஒரு குச்சியைப் பிடித்துக் கீழே வளைத்தார். மூன்றாவது கணுவுக்குச் சற்று மேலே கத்தரியின் வாய் திறந்தது. நுனி லேசாக ஆடியது. அவர் வெட்டவில்லை. அது நிற்கட்டும் என்று காத்திருந்தார்.

இருதயம்மாளின் கையில் செபமாலை உருளும் சத்தம் நின்றது.